திரும்பினால் நஷ்டம்

பாய்மரப் படகுப் பந்தயத்தைக் கரையிலிருந்து முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் பத்து நிமிடத்தில் சலித்துப்போய் எழுந்துவிடுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. நாற்பது படகுகள், எல்லாம் ஒரே அச்சு. பாதி இந்தப் பக்கம் போகிறது, பாதி அந்தப் பக்கம் போகிறது. யார் முன்னால், யார் பின்னால் என்று ஒன்றும் பிடிபடாது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம். ஒரே ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் வரிசையாக விளங்கிவிடும். இந்தப் படகு நேராகப் போவதில் சூரன். திரும்புவதில் மகா மந்தம். பந்தயம் முழுக்க அந்த மந்தத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

நான் சொல்லப்போவது ஹோபி 16 என்ற சின்னக் கேட்டமரான். ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, புத்தாண்டை ஒட்டி இதன் தேசியப் போட்டி நடக்கும். அங்கே அது கோடை. ஒரு வருடம் ஒரு மாநிலம், அடுத்த வருடம் வேறொன்று. குடும்பம் குடும்பமாகப் படகை டிரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள்.

நம் மீனவர்களின் கட்டுமரத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பெயர்தான் அங்கிருந்து போனது, படகு வேறு. இரண்டு ஒல்லியான மிதவைகள், அவற்றை இணைக்கும் அலுமினியச் சட்டம், சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணித்தளம், நடுவில் பாய்மரம், பெரிய பாய் ஒன்று, அதற்கு முன்னால் ஜிப் என்கிற சின்னப் பாய் ஒன்று. அவ்வளவுதான் படகு. 5.04 மீட்டர் நீளம், 2.41 மீட்டர் அகலம், எடை ஏறக்குறைய 145 கிலோ. சுக்கான் பிடிக்க ஒருவர், ஜிப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர்.

கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்து பெயரெடுத்த ஹோபி ஆல்ட்டர், 1960களின் கடைசியில் இந்த வரிசைப் படகுகளை உருவாக்கினார். கரையிலிருந்து தள்ளி, அலையைக் கடந்து போய், திரும்பி வரும்போது அப்படியே மணலில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சாதாரணப் பாய்மரப் படகின் அடியில் ஒரு பலகை நீருக்குள் இறங்கியிருக்கும். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு நழுவாமல் அதுதான் பிடித்து நிறுத்தும். அந்தப் பலகையோடு மணலில் ஏற முடியாது. ஆல்ட்டர் பலகையையே எடுத்துவிட்டார். பதிலுக்கு மிதவையின் வடிவத்தை மாற்றினார்: உட்பக்கம் புடைப்பு, வெளிப்பக்கம் தட்டை. ஓடும்போது அந்த மிதவையே விமான இறக்கையை நட்டுக்க நிறுத்தியதுபோல வேலை செய்து, நழுவலைத் தடுக்கிறது. சுக்கான்கள் தரை தட்டினால் தாமாகவே மேலே மடங்கிக்கொள்ளும். எனக்கு இது அழகான யோசனையாகவே படுகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வேகம் இருக்கும்வரைதான் மிதவை இறக்கையாக வேலை செய்யும். வேகம் போனால் படகு பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்துவிடும்.

ஒரே கிளாஸ் படகுகளின் போட்டியில் எல்லோருக்கும் ஒரே படகு, ஒரே அளவுப் பாய். இஷ்டத்துக்கு எதையும் செதுக்கவோ கூட்டவோ கூடாது. இரண்டு பேரின் எடையும் சேர்ந்து 129.3 கிலோவுக்குக் குறைந்தால், குறைவதற்கு ஈடாகப் படகில் எடை ஏற்றியாக வேண்டும். இந்தக் கண்டிப்பு இல்லையென்றால் காசு அதிகம் செலவழித்தவரே ஜெயிப்பார். 1876இல் நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் நதானியேல் ஹெரெஷாஃப் ‘அமரிலிஸ்’ என்ற தன் கேட்டமரானைக் கொண்டுபோய், ஒற்றை உடல் படகுகளை மிகச் சுலபமாக ஜெயித்தார். மற்றவர்கள் ஆட்சேபித்து வெற்றியைப் பறித்துவிட்டார்கள். வேறு வேறு படகுகளை ஒன்றாக ஓட விட்டால் சண்டைதான் மிஞ்சும்.

சரி, திரும்புவதற்கு வருவோம். எந்தப் பாய்மரப் படகும் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போக முடியாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை விலகித்தான் போகலாம். படகுகள் சுற்றி வர வேண்டிய மிதக்கும் குறிக்குப் போயா என்று பெயர். பந்தயத்தின் முதல் போயாவையோ வேண்டுமென்றே காற்று வரும் திசையில் போடுவார்கள். ஆக, அதை அடைய வளைந்து வளைந்துதான் போக வேண்டும். கொஞ்ச தூரம் இடப்பக்கமாக, திரும்பி, கொஞ்ச தூரம் வலப்பக்கமாக. கரையில் நிற்பவரைக் குழப்புவது இந்த ஓட்டம்தான்.

அந்த ஒரு திருப்பத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். காற்று பலமாக இருக்கும்போது இருவரும் இடுப்புப் பட்டையைக் கம்பியில் கொக்கி போட்டு மாட்டி, மிதவையின் விளிம்பில் கால் ஊன்றி, உடல் முழுவதையும் கடலுக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள். இதற்கு டிராபீஸ் என்று பெயர். திரும்பலாம் என்றதும் ஜிப்காரர் முதலில் உள்ளே வருவார். சுக்கான்காரர் சுக்கானை மெல்லத் தள்ளுவார். வெடுக்கென்று தள்ளினால் சுக்கானே பிரேக்காகிவிடும். மூக்கு காற்றை நோக்கித் திரும்பத் தொடங்கும். இப்போது ஜிப்பை அவிழ்க்கக் கூடாது. அது பழைய பக்கத்திலேயே இருந்தால்தான் காற்று அதன் முதுகில் அடித்து மூக்கைத் தள்ளிக் கொடுக்கும். மூக்கு காற்றுக்கு நேராக வந்த கணத்தில் பெரிய பாயின் கயிற்றை ஒரு கைநீளம் விட்டுக்கொடுக்க வேண்டும். விடாவிட்டால் அந்தப் பாய் படகைக் காற்றுக்கு நேராகவே பிடித்து நிறுத்திவிடும். இதற்கிடையில் இருவரும் துணித்தளத்தில் முட்டி போட்டுத் தவழ்ந்து மறுபக்கம் போக வேண்டும். சுக்கானின் நீண்ட கைப்பிடியைப் பெரிய பாயின் கயிற்றுக்குப் பின்னால் சுழற்றி மறுகைக்கு மாற்ற வேண்டும். பாய்க்குள் குறுக்கே போகும் பட்டைச் சட்டங்கள், காற்று குறைவென்றால் பழைய பக்கமாகவே வளைந்து நிற்கும். ஒரு வெட்டு வெட்டினால் ‘படக்’கென்று மறுபக்கம் வளையும். அப்புறம்தான் ஜிப்பை அவிழ்த்துப் புதுப் பக்கம் இழுப்பது.

இதில் ஒன்று பிசகினாலும் படகு காற்றை நேராகப் பார்த்தபடி நின்றுவிடும். பிறகு பின்னோக்கி நகர்ந்து, சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பி, மெல்ல மெல்ல வெளியே வர வேண்டும். கனமான ஒற்றை உடல் படகாக இருந்தால் ஓடி வந்த வேகத்திலேயே உருண்டு திரும்பிவிடும். இது இறகு மாதிரி லேசு. பாயில் காற்று போன மறுநொடி வேகமும் போய்விடும். எல்லாம் சரியாகச் செய்தால்கூட ஒவ்வொரு திருப்பத்திலும் பல படகு நீளங்கள் கைவிட்டுப் போகும்.

இப்போது ஒரு கணக்கு. காற்று மாறாமல் அடித்தால், இரண்டு திருப்பத்தில் போனாலும் பத்துத் திருப்பத்தில் போனாலும் போயாவுக்கான மொத்தத் தூரம் ஒன்றேதான். காகிதத்தில் வரைந்து பாருங்கள். அப்படியானால் ஒரே திருப்பத்தில் முடிப்பதுதானே லாபம்? காற்று மாறாமல் அடிப்பதில்லை என்பதுதான் சிக்கல். காற்று இடப்பக்கமாகப் பத்துப் பாகை திரும்பினால், இடப்பக்கம் போயிருந்தவர்கள் சும்மா உட்கார்ந்தபடியே முன்னுக்கு வந்துவிடுவார்கள். சின்ன ஒற்றை உடல் படகு ஓட்டுகிறவர் காற்று மாறும்போதெல்லாம் தானும் திரும்பி லாபம் பார்ப்பார். ஹோபிக்காரர் அப்படிச் செய்ய முடியாது. இந்த மாற்றம் தரும் லாபம் திரும்பும் நஷ்டத்தைவிடப் பெரிதா, இது நிலைக்குமா, அரை நிமிடத்தில் பழையபடி ஆகிவிடுமா என்று யோசித்தாக வேண்டும். முதல் போயாவை அடைவதற்குள் இப்படி மூன்று நான்கு முடிவுகள் எடுப்பார்கள். அத்தனையும் கழுத்தைப் பிடிக்கும் முடிவுகள்.

ஆஸ்திரேலியக் கோடையில் மதியத்துக்குமேல் தரை சூடேறி, கடற்காற்று எழும். மேற்குக் கரையில் பெர்த் பக்கம் அதற்கு ‘ஃப்ரீமாண்டில் டாக்டர்’ என்று செல்லப்பெயரே உண்டு. தென் அரைக்கோளத்தில் பூமியின் சுழற்சி காற்றை இடப்பக்கமாகத் திருப்பும் என்பதால், திறந்த கடற்கரைகளில் நேரம் ஆக ஆகக் கடற்காற்று இடப்பக்கம் நகர்வது வழக்கம். அதை நம்பி இடப்பக்கம் போகிறவர்கள் உண்டு. ஊர்க்காரர்கள் கரையோரக் குன்றையும் மேகத்தையும் பார்த்து வேறு கணக்குப் போடுவார்கள். நான் ஊர்க்காரர்கள் பின்னால்தான் போவேன்.

புறப்படும் இடத்திலும் அதே கதை. கோடு என்பது கடலில் ஒரு கப்பலுக்கும் ஒரு போயாவுக்கும் நடுவே கற்பனையில் இழுத்தது. ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் கொடி ஏறும், நான்கு நிமிடம் இருக்கையில் இரண்டாவது ஏறும், ஒரு நிமிடம் இருக்கையில் அது இறங்கும், பூஜ்யத்தில் முதல் கொடியும் இறங்கினால் ஓட்டம். கூடவே ஹாரன் ஒலிக்கும், ஆனால் கணக்கில் வருவது கொடிதான். நாற்பது படகுகளும் கோட்டுக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்கப் பார்க்கும். ஹோபியால் நிற்க முடியாதே! நின்றால் பக்கத்துப் படகின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஓடி வந்தால் கோட்டை முன்னதாகவே தாண்டிவிடும் பயம். தாமதித்தால் முன்னால் போனவர்களின் பாய்கள் கலக்கிவிட்ட காற்றுதான் மிச்சம். ஒற்றை உடல் படகென்றால் உடனே திரும்பி நல்ல காற்றைத் தேடிப் போகலாம். இங்கே அதற்கும் விலை கொடுக்க வேண்டும். கறுப்புக் கொடி ஏற்றியிருந்தால், கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டுக்கும் முதல் போயாவுக்கும் இடைப்பட்ட முக்கோணத்துக்குள் மாட்டியவர் அந்தப் பந்தயத்திலிருந்தே நீக்கப்படுவார், விசாரணைகூடக் கிடையாது.

வழிவிடும் விதிகளில் முதலாவது: இடக்கைப் பக்கம் காற்று வாங்கும் படகு, வலக்கைப் பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழி விட வேண்டும். பெரும்பாலும் கூடவே நடுவர் யாரும் வருவதில்லை. தப்பு செய்தவர் தானே ஒப்புக்கொண்டு அங்கேயே இரண்டு முழுச் சுற்று சுற்றித் தண்டனையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு சுற்றில் காற்றை நோக்கிய திருப்பம் இரண்டு வருகிறது. மேலே சொன்ன தவழலையும் கயிற்றையும் நினைத்துப் பாருங்கள். அதைத் தெரிந்தும், யாரும் கத்தாதபோதும் தானாகச் சுற்றுகிறவர்கள் உண்டு. இந்த விளையாட்டின்மேல் எனக்குள்ள மரியாதையில் பாதி அவர்களால் வந்தது.

முதல் போயாவைச் சுற்றியதும் காற்று முதுகுப் பக்கம் வந்துவிடும். இனி நேராகப் போகலாமே என்று தோன்றும். போக மாட்டார்கள். காற்றே இல்லாத மதியத்தில் சைக்கிள் மிதித்தாலும் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா, அதுபோல ஓடும் படகு தனக்கென ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. காற்றோடு சேர்ந்து நேராக ஓடினால் அந்த லாபம் கிடைக்காது; குறுக்காக ஓடினால் கிடைக்கும். 45 பாகை குறுக்காகப் போனால் 1 கிலோமீட்டர் தூரம் 1.4 கிலோமீட்டராகிறது. வேகம் அதைவிடப் பெரிய விகிதத்தில் கூடினால் சுற்றி வந்தவர் முதலில் வந்து சேர்வார். எவ்வளவு குறுக்கு என்பதற்கு ஹோபியில் எளிய வழி இருக்கிறது. இரண்டு மூக்குகளையும் இணைக்கும் கம்பியில் ஒரு சின்னக் காற்றுகாட்டி தொங்கும். அது படகுக்குச் சரியாக 90 பாகையில், பக்கவாட்டில் நிற்கும்படி ஓட்ட வேண்டும். சுக்கான்காரரின் கண் அதைவிட்டு அகலாது. காற்று கொஞ்சம் ஏறினால் மூக்கைக் காற்று போகும் பக்கம் திருப்பலாம், குறைந்தால் காற்று வரும் பக்கம் திருப்ப வேண்டும். பலத்த காற்றில் இன்னொரு ஆபத்தும் உண்டு: காற்று போகும் பக்கத்து மிதவையின் மூக்கு தண்ணீருக்குள் குத்திக்கொண்டு, படகு தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும். அதனால் அங்கே எடையைப் பின்னால் தள்ளி உட்கார்வார்கள்.

ஒரு போட்டி இப்படிப் பல பந்தயங்கள் கொண்டது. முதலில் வந்தால் 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2. குறைந்த மொத்தமே வெற்றி. ஆக மோசமான ஒன்றைக் கழித்துவிடலாம். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆறு பந்தயத்தில் வேக ஜோடி வாங்கியது 1, 1, 10, 1, 41, 1. அந்த 41 கறுப்புக் கொடியில் மாட்டியதற்கு. நாற்பது படகென்றால் நீக்கப்பட்டவருக்கு 41. நிதான ஜோடி வாங்கியது 3, 2, 4, 3, 5, 2. மோசமானதைக் கழித்தால் இரண்டு ஜோடிக்கும் 14. கடைசிப் பந்தயம் ஒன்று பாக்கி.

யார் கை ஓங்கியிருக்கிறது? நான்கு வெற்றி கண்டவர்கள் என்று தோன்றும். ஆனால் அவர்களுடைய கழிவு ஏற்கெனவே செலவாகிவிட்டது. இனி வாங்கும் புள்ளி முழுவதும் மொத்தத்தில் சேரும். நிதான ஜோடி கடைசியாக வந்தாலும் அதைக் கழித்து, பழைய 5ஐ எடுத்துக்கொள்ளும். அவர்கள் மொத்தம் 19ஐத் தாண்டவே தாண்டாது. வேக ஜோடி ஐந்தாவதும் நிதான ஜோடி அதற்குப் பின்னாலும் வந்தால் சமன். முதலிடங்கள் அதிகம் என்பதால் பட்டம் வேக ஜோடிக்கு. ஆறாவதோ அதற்குப் பின்னாலோ வந்தால், நிதான ஜோடி எந்த இடத்தில் வந்தாலும் சாம்பியன்.

விதியை மீறாதவரை எதிராளியைப் பின்னுக்கு இழுப்பதில் தப்பில்லை. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் லேசர் படகில் பென் எய்ன்ஸ்லி கடைசிப் பந்தயத்தில் ராபர்ட் ஷைட்டை இப்படித்தான் மடக்கித் தங்கம் வாங்கினார். ஹோபியில் இந்த ஆயுதம் இன்னும் கூர்மை. நிதான ஜோடி புறப்பட்டதும் எதிராளிக்குக் காற்று வரும் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். தங்கள் பாய் கலக்கிய காற்று அவர்கள்மேல் விழும்படி. தப்பிக்க ஒரே வழி திரும்புவது. அவர்கள் திரும்பினால் இவர்களும் திரும்புவார்கள். மறுபடி திரும்பினால் இவர்களும் மறுபடி. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு படகுமே வேகத்தை இழக்கும், மற்ற முப்பத்தெட்டும் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும். அதைப் பற்றி நிதான ஜோடிக்குக் கவலையில்லை. அவர்கள் எண்ணுவதெல்லாம் தாண்டிப் போகிற படகுகளை: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.