மின்சைக்கிளும் மானியமும்

சிதம்பரத்தில் எங்கள் மதரஸாவில் பணியாற்றிய மூத்த ஹஜ்ரத் ஒருவர், 2011-ஆம் ஆண்டில் கடலூருக்குச் சென்று ஒரு மின்சைக்கிள் வாங்கி வந்தார். வீடு பரங்கிப்பேட்டை சாலையில் ஒரு சிற்றூர். முழங்கால் வலியோ நாள்பட்டது. ஓட்டுநர் உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். இரவில் சார்ஜ் ஏற்றினால் மறுநாள் பாடம் நடத்திவிட்டு மஃரிபுக்கு முன் வீடு திரும்பிவிடலாம்.

அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததையும், வாரக்கணக்கில் இருளில் கிடந்ததையும் நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் திரும்பியபோது ஹஜ்ரத்தின் வண்டியில் சார்ஜ் ஏறவில்லை. காரீய அமில பேட்டரியை வெறுமையாக நெடுநாள் விட்டுவைத்தால், உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து அது பயனற்றுப் போகும். மாற்று பேட்டரி வாங்கச் சென்றால், விற்ற கடையே மூடப்பட்டிருந்தது. வண்டியைச் செய்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். "வண்டி நல்ல வண்டிதான் தம்பி, அதற்கு வைத்தியர்தான் ஊரில் இல்லை" என்றார் ஹஜ்ரத்.

அந்தக் கடைகள் ஏன் மூடப்பட்டன என்பதை அறிய, அதே துறையில் வீழாமல் நின்ற வேறொரு தமிழக நிறுவனத்தின் வரலாறு உதவும். அதுதான் கோவையின் 'ஆம்பியர்'.

இதனை 2008-இல் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை என்னும் பெண்மணி. கணினிப் பொறியியல் பயின்று சிங்கப்பூரில் வாழ்ந்து வந்தவர். ஜப்பானில் நடந்த ஒரு மாநாட்டில், வருங்காலம் மின்வாகனங்களுக்கே உரியது என்று கேட்டதே அவரைத் தாயகம் திரும்பச் செய்தது. பெருநகரத்துச் செல்வரை நாடாமல், சிற்றூர்வாசிகளுக்கான மின்சைக்கிளைச் செய்ய முனைந்தார்.

தொடக்கமே சோதனை. சீனாவிலிருந்து தருவித்த பாகங்கள் நம் வெயிலுக்கும் சாலைக்கும் ஏறி இறங்கும் மின்னழுத்தத்திற்கும் தாக்குப்பிடிக்கவில்லை. ஆகவே சார்ஜர், மோட்டார் ஆகியவற்றைக் கோவையிலேயே வடிவமைக்கத் தலைப்பட்டனர். பம்ப் செட் மோட்டாருக்குப் பெயர்பெற்ற ஊர் அல்லவா? அதற்கு வேண்டிய கைத்திறன் அங்கே தலைமுறையாக உண்டு.

2010 நவம்பரில் மத்திய அரசு மின்வாகனங்களுக்கு மானியம் அறிவித்தது. ஆலை விலையில் 20 விழுக்காடு. வேகம் குறைந்த வண்டிக்கு 4,000 ரூபாய் வரை. விற்பனை எழுந்தது, ஊர்தோறும் கடைகள் முளைத்தன. 2012 மார்ச் 31-உடன் அம்மானியம் நின்றது. அதே ஆண்டில்தான் தமிழகம் வரலாறு காணாத மின்வெட்டில் சிக்கித் தவித்தது. விசிறியே சுழலாத வீட்டில் வண்டிக்கு எங்கே சார்ஜ் ஏற்றுவது? 'ஃபேம்' என்னும் அடுத்த மானியத் திட்டம் 2015 ஏப்ரலில்தான் வந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் முகவர்கள் பலர் கடையைக் கட்டினர். இந்த வறட்சியை ஆம்பியர் கடந்தது, குப்பை அள்ளும் வண்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டி என வேறு வேலைகளையும் தேடிக்கொண்டதால்தான் என்பது என் கருத்து.

2015-இல் ரத்தன் டாடா தம் சொந்தப் பொறுப்பில் இதில் முதலீடு செய்தார். 2018-இல் கிரீவ்ஸ் காட்டன் பெரும்பங்கை வாங்கியது. ஷேர் ஆட்டோக்களின் டீசல் எஞ்சினைச் செய்து வந்த நிறுவனமே மின்வண்டிக்கு வந்தது வேடிக்கைதான். பின்னர் நிறுவனர் விலகினார். சைக்கிள் பின்னுக்குச் சென்று ஸ்கூட்டர் முன்னுக்கு வந்தது. 2021 நவம்பரில் இராணிப்பேட்டையில் பெரிய ஆலை எழுந்தது. 2022 ஜூனில் சவூதி அரேபியாவின் அப்துல் லத்தீஃப் ஜமீல் குழுமம், 35.8 விழுக்காடு பங்குக்கு முதற்கட்டமாக 1,160 கோடி ரூபாய் அளித்தது. ஜித்தாவில் பணிபுரிந்த நம்மவர் பலர், டொயோட்டா கார் விற்கும் அப்பெயரை நன்கறிவர்.

மறு ஆண்டே இடி விழுந்தது. பாகங்களை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது மானியத்தின் நிபந்தனை. அதை மீறினர் என்று பல நிறுவனங்கள் மீது அரசு குற்றஞ்சாட்டியது. கிரீவ்ஸின் மின்வாகனப் பிரிவு ஏறத்தாழ 124 கோடி ரூபாயைத் திருப்பித் தருமாறு கேட்கப்பட்டது. சீனப் பாகங்களால் அடிபட்டு, சொந்தக் கைத்திறனால் எழுந்த ஒரு நிறுவனத்தின் மீதே இக்குற்றச்சாட்டு வந்ததை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு ஜூன் முதல், மானியத்தின் உச்சவரம்பும் வண்டி விலையில் 40 விழுக்காட்டிலிருந்து 15-ஆகக் குறைந்தது. ஆம்பியர் தாங்கிற்று, பின்னால் பெரிய நிறுவனத்தின் கை இருந்தது. அதே குற்றச்சாட்டுக்குள்ளான ஹீரோ எலெக்ட்ரிக், ஒருகாலத்தில் இத்துறையில் முதலிடம் வகித்த நிறுவனம், 2024 டிசம்பரில் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அதன் வண்டிகளை வாங்கியவர்களின் கவலையை, ஹஜ்ரத்தைக் கண்ட எனக்கு ஊகிப்பது கடினமன்று.

சென்ற மாதம் ஹஜ்ரத்தின் பேரன் மின்ஸ்கூட்டர் பார்க்கக் கடலூருக்குப் போய்வந்தான். ஒரே சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும், மாதத் தவணை எவ்வளவு என்றெல்லாம் ஒப்பித்தான். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேட்டரி தனியாக வாங்கினால் என்ன விலை? பழுது பார்க்கிற ஆள் கடையிலேயே இருக்கிறாரா, வெளியூரிலிருந்து வரவேண்டுமா?" என்றார். பேரன் தலையைச் சொறிந்தான். மறுநாள் மீண்டும் கடலூருக்குப் பேருந்து ஏறினான்.