உதடு ஒட்டாத மாம்பழம்

உதடுகளை அசைக்காமல் பேசி, அந்தப் பேச்சு தம் மடியில் அமர்ந்திருக்கும் பொம்மையின் வாயிலிருந்தே வருவதாகப் பார்ப்பவரை நம்பவைக்கும் கலை வென்ட்ரிலோகிசம் எனப்படுகிறது. பொம்மையின் தலையைத் திருப்புவதும், அதன் வாயைப் பேச்சுக்கு ஏற்பத் திறந்து மூடுவதும், அதற்கெனக் கீச்சுக்குரல் ஒன்றை வகுத்துக்கொள்வதும் கைவேலையாகவும் பழக்கமாகவும் விரைவில் அமைந்துவிடுகின்றன. கற்பவர் பலர் சலித்து நின்றுவிடும் இடம் வேறு. இரண்டு உதடுகளும் சேர்ந்தால் ஒழியப் பிறக்காத ஒலிகளை உதடுகளைச் சேர்க்காமலே பிறப்பிக்க வேண்டும் என்னும் இடம் அது.

தமிழில் அந்த ஒலிகள் எவை என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் தெளிவாக வகுத்திருக்கிறது. பகரமும் மகரமும் இதழ்கள் இயைவதால் பிறப்பவை, வகரம் மேற்பல்லும் இதழும் இயைவதால் பிறப்பது, உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்கள் இதழ் குவிதலால் பிறப்பவை என்பது அந்நூலின் கணக்கு. பற்களை இலேசாகச் சேர்த்து, உதடுகளைச் சற்றே பிரித்து, அரைப் புன்னகையில் முகத்தை நிறுத்திக்கொண்டு கண்ணாடி முன் ‘கடல்’, ‘நரி’, ‘தங்கச்சி’ என்று சொல்லிப் பார்த்தால் எந்தத் தடையும் இராது. அதே நிலையில் ‘மாம்பழம்’ என்று சொல்ல முயன்றால், இதழொலி நான்கு அடங்கிய அச்சொல், நடுவிலுள்ள ‘ம்ப’ ஒரே சேர்க்கையில் பிறப்பதால், கற்பவரின் உதடுகளை மூன்று முறை இழுத்துச் சேர்த்துவிடும்.

இதற்குக் கலைஞர்கள் கண்ட வழி ஒலிமாற்றம், அதாவது உதடு செய்யும் வேலையை நாக்குக்குக் கொடுப்பது. பகரத்தின் இடத்தில் நாக்கின் முன்பகுதியை அகலமாக மேற்பற்களின் பின்புறம் அழுத்தி விடுவிக்கும் தகரம் போன்ற ஒலியும், மகரத்தின் இடத்தில் அதே நிலையில் மூக்கின் வழியே வரும் நகரம் போன்ற ஒலியும் அமைகின்றன. அதன்படி மாம்பழம் முதலில் ‘நாந்தழந்’ என்றே வரும், கேட்கவும் அபத்தமாக இருக்கும். கற்பவருக்கு நம்பிக்கை தேவைப்படும் தருணம் இதுதான். நாக்கு தகரத்தைச் செய்யும்போது மனம் பகரத்தையே நினைக்க வேண்டும் என்று இக்கலையின் ஆசிரியர்கள் வலியுறுத்துகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மந்திர உபதேசம் போலத் தோன்றும் இவ்வறிவுரைக்கு உடலியல் காரணம் உண்டு. நோக்கம் பகரமாக இருந்தால் நாக்கின் அழுத்தமும், காற்று விடுபடும் வேகமும், தொண்டையின் நிலையும் சிறிது சிறிதாகப் பகரத்தின் ஓசையை நாடி நகர்கின்றன. தகரம் என்றே நினைத்துச் சொல்பவரிடம் அது என்றும் தகரமாகவே நின்றுவிடுகிறது. தம் காதுக்கு இன்னும் எட்டாத ஒலியை எட்டியதாகவே கொண்டு பல வாரங்கள் பழகுவது இயல்பாகவே சோர்வு தருவது.

அந்த நம்பிக்கை ஆதாரமற்றதும் அன்று. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், பதிவுசெய்த வாக்கியம் ஒன்றில் ஓர் ஒலியை முற்றிலும் நீக்கிவிட்டு அவ்விடத்தில் இருமல் ஒலியை வைத்தபோது, கேட்டவர்கள் இல்லாத ஒலியும் தங்கள் காதில் விழுந்ததாகவே கொண்டனர். சொல்லும் சூழலும் தெரிந்திருந்தால் விடுபட்டதை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே பழக்கடையைப் பற்றிப் பேசும் பொம்மை ‘நாந்தழந்’ என்பதற்குச் சற்று அருகில் ஏதேனும் சொன்னாலே அவையினர் மாம்பழம் என்று கேட்டுவிடுவார்கள். தனிச்சொல்லாகச் சொன்னால் அந்த உதவி கிடைக்காது. ஒலி வரும் திசையைக் குறித்த மயக்கமும் இத்தகையதே: கண் காட்டும் இடம் காது உணரும் இடத்தைவிடத் தெளிவாக இருப்பதால், அசைகின்ற வாயையே மூளை பேசும் வாயாக ஏற்றுக்கொள்கிறது. குரலை எங்கோ ‘எறிவதாக’ மக்கள் சொல்வதெல்லாம் வெறும் பேச்சு.

இக்கலையை அஞ்சல்வழி விளம்பரத்திலிருந்து தொடங்கி உச்சிக்குச் சென்றவர் பால் வின்செல். 1922-இல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே போலியோவால் கால்கள் நலிந்த அவர், பத்து சென்ட் விலையில் வென்ட்ரிலோகிசப் பயிற்சிப் பொருட்களை அனுப்புவதாக இதழ் ஒன்றில் வந்த விளம்பரத்தைக் கண்டு இதில் இறங்கினார். பொம்மை செய்வதையே வகுப்புப் பணியாக ஏற்குமாறு கலை ஆசிரியர் ஜெரோ மேகனிடம் கேட்டார், அவரும் ஒப்பினார். அந்த ஆசிரியரின் பெயரை ஒட்டியே பொம்மை ஜெர்ரி மஹோனி ஆயிற்று. 1938-இல் மேஜர் போவ்ஸ் நடத்திய வானொலித் திறன் போட்டியில் பதின்பருவ வின்செல் முதற்பரிசு பெற்றார். விடாமுயற்சிக் கதைகளில் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஓரமாகவே நிற்பார்கள். ஆனால் மாணவனின் விளையாட்டைப் பாடமாக மதித்த ஒருவர் இல்லாமல் அந்த முதற்பொம்மை உருவாகியிருக்குமா என்பது ஐயமே. பிற்காலத்தில் டிஸ்னியின் டிக்கர் என்னும் புலிக்குக் குரல் கொடுத்தவரும், செயற்கை இதயம் ஒன்றுக்கு 1963-இல் காப்புரிமை பெற்றவரும் இதே வின்செல்தான்.

வின்செல் தம் முன்மாதிரியாகக் கொண்ட எட்கர் பெர்கனின் உதடுகள் அசைவதைத் திரைப்படங்களில் எவரும் காணலாம். 1937 முதல் வானொலியில் பெரும்புகழ் பெற்ற அவரை, அவருடைய பொம்மை சார்லி மெக்கார்த்தியே அக்குறையைச் சொல்லிக் கேலி செய்யும். முகம் தெரியாத வானொலியில் உதடசையாப் பேச்சுக்கு வேலையே இல்லை என்பது வேடிக்கைதான்; சார்லி வேறோர் ஆள் என்று கேட்பவர்கள் முழுமையாக நம்பியதே அவர் வெற்றிக்குக் காரணம். அவருக்கு 1938-இல் ஆஸ்கர் குழு வழங்கிய சிறப்புப் பரிசும் வாய் அசையும் மரச்சிலையாகவே இருந்தது. தொடக்கநிலை மாணவர் அவருடைய உதடசைவைத் தம் சோம்பலுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாகாது, ஏனெனில் பெர்கனின் நேரம் தவறாத நகைச்சுவைக் கூர்மை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

கற்கும் வழியில் ஜிம்மி நெல்சன் 1964-இல் வெளியிட்ட பயிற்சி இசைத்தட்டு ஒரு தலைமுறைக்கே ஆசிரியராக இருந்தது. இன்றைய புகழ்மிக்க கலைஞர் ஜெஃப் டன்ஹம் சிறுவனாக இருந்தபோது அதனைக் கேட்டே பழகினார். இந்தியாவில் மும்பையின் ராம்தாஸ் பாத்யே தம் தந்தையிடமிருந்து அர்தவட்ராவ் என்னும் பொம்மையையும் கலையையும் சேர்த்துப் பெற்று, 1967-இல் மேடையேறினார். தமிழ்த் திரையில் ‘அவர்கள்’ (1977) படத்தில் கமல்ஹாசன் ஏந்திய ஜூனியர் பொம்மை இக்கலையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

ஆங்கிலப் பயிற்சிகளைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் மகரத்தில் முடியும் நம் சொற்கள் இடறும். வகரமும் உகரமும் வேறு தொல்லை தரும். ஆனால் இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடுவதை நிரோட்டகம் எனப் பெயரிட்டு நம் புலவர்கள் ஓர் அணியாகவே வளர்த்தார்கள். துறைமங்கலம் சிவப்பிரகாசரின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி 17-ஆம் நூற்றாண்டில் அவ்வாறு எழுந்தது. உதடு அசையாத முகத்தைப் பழகுவதற்கு அச்செய்யுள்களைவிடப் பொருத்தமான முதற்பாடம் தமிழில் இல்லை. அவற்றில் முகத்தை நிலைநிறுத்திய பின், சொல்லுக்கு ஒன்றாக மகரத்தையும் அடுத்துப் பகரத்தையும் சேர்த்துக்கொண்டு போகும் வரிசைமுறை ஒன்றை, தமிழில் மேடையேறும் கலைஞர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதித் தர வேண்டும்.