ஏலக்காய் மூட்டைக்கு எந்தத் தேதி?

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூருக்குப் போயிருக்கிறீர்களா? மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அந்த மலைச்சரிவுகளில் விளையும் ஏலக்காய், விற்பனைக்காகப் போடிக்கு வந்து சேர்கிறது.

முன்பெல்லாம் ஏலத்தில் வியாபாரிகள் விலையைக் கூவிக் கேட்பார்கள். நறுமணப் பொருள் வாரியம் 2007-ல் இங்கே கணினி ஏலத்தைக் கொண்டு வந்தது. இப்போது கணினி முன் உட்கார்ந்து பட்டனைத் தட்டித்தான் விலை கேட்கிறார்கள்.

கடையின் கணக்கையும் கணினியில் வைக்கலாம். மூட்டை எண், எடை, விலை, தேதி என்று கட்டம் கட்டமாக எழுதி வைக்கும் அட்டவணைகளின் தொகுப்புக்குத் தரவுத்தளம் என்று பெயர். இப்படி அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970-ல் எடுத்துச் சொன்னவர் எட்கர் காட் என்ற அறிஞர்.

எண், எடை, விலை எதிலும் தொல்லை இல்லை. தேதியில்தான் வம்பே!

ஒரு கடையில் மூன்று மூட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேதிகள்: 28-08-2024, 05-09-2024, 02-10-2024. பழைய மூட்டையை முதலில் விற்க வேண்டும். இல்லாவிட்டால் காயின் பச்சை நிறம் மங்கும்; விலையும் இறங்கும். "வரிசைப்படுத்து" என்று கணினியிடம் சொன்னால் என்ன செய்யும் தெரியுமா? தேதிகளை வெறும் எழுத்துகளாகச் சேமித்திருந்தால், அகராதியில் சொற்களை அடுக்குவது போல இடப்பக்கத்து எழுத்திலிருந்து ஒப்பிடும். 02, 05, 28! கடைசியாக வந்த மூட்டை முதலில் போய்விடும். பழையது மூலையில் கிடக்கும்.

இதைத் தவிர்க்கத் தரவுத்தளத்தில் தேதிக்கென்றே தனி வகைக் கட்டம் உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருள் 1-1-2000-லிருந்து எத்தனை நாள் கடந்தது என்று எண்ணி, அந்த எண்ணைத்தான் வைத்துக்கொள்கிறது. 17-8-2024 என்றால் அதற்கு 8995! எண்ணாகிவிட்டால் முன்பின் பார்ப்பது சுலபம்தானே? 'டு டேட்' என்ற கட்டளையில் "முதலில் நாள், பிறகு மாதம், கடைசியில் ஆண்டு" என்று வரிசையைச் சொல்லிவிட்டால், நாம் எழுதிய தேதியை அதுவே மாற்றிக்கொள்ளும். திரும்பக் காட்டும்போது நாம் கேட்கும் வடிவில் காட்டும்.

அதே 17-8-2024 நம் காலண்டரில் ஆவணி 1. மலைக்கு அந்தப் பக்கம், கி.பி. 825-ல் தொடங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1200, சிங்க மாதம் 1. பெயர் மூன்று, நாள் ஒன்றுதான். ஆனால் ஆவணியும் சிங்கமும் கணினிக்குத் தானாகத் தெரியாது. எந்த மாதம் எந்தத் தேதியில் பிறக்கிறது என்று தனி அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். நமக்குச் செப்டம்பர் 5 ஆன 05-09, அவர்களுக்கு மே 9! 28-08 என்றால் பயமில்லை. 28-வது மாதம் கிடையாது என்பதால் தவறு உடனே தெரிந்துவிடும். நாளும் மாதமும் இரண்டுமே 12-க்குள் இருந்தால்தான் ஆபத்து. அப்படி 144 நாட்கள். அவற்றில் 05-05 மாதிரி எப்படிப் படித்தாலும் மாறாதவை 12. மீதி, ஆண்டுக்கு 132 குழப்ப நாட்கள்.

உங்கள் பிறந்த நாள் அந்த 132-ல் இருக்கிறதா? எழுதிப் பாருங்கள்!