முந்திக்கொண்ட திரிபு

2021 மே மாதக் கடைசியில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் 11 சிங்கங்களிடம் எடுத்த மாதிரிகள் போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போயின. ஒன்பது சிங்கங்களுக்குக் கொரோனா. நீலா என்ற பெண் சிங்கம் ஜூன் 3 அன்று இறந்தது. நான்கு மாதிரிகளின் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள், நான்கும் டெல்டா திரிபு.

2020 கடைசியில் மகாராஷ்டிரத்தில் தலைகாட்டிய அந்தத் திரிபு, ஆறேழு மாதத்தில் வண்டலூர் சிங்கக்கூண்டு வரை வந்துவிட்டது. அதற்குள் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. ஊரடங்கில் வந்தவாசி கடைத்தெருவும் ஆரணி பட்டுக்கடைகளும் அடைத்துக் கிடந்தன.

மற்ற வகைகளை டெல்டா எப்படி ஓரங்கட்டியது? கணக்குப் போட்டால் புரியும். பழைய வகை பிடித்தவர் ஒருவருக்குத் தொற்றைக் கொடுக்கிறார், புதிய வகை பிடித்தவர் சராசரியாக ஒன்றரைப் பேருக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஐந்து நாள். தொடக்கத்தில் நூறு நோயாளிகளில் ஒருவரிடம் மட்டுமே இருந்த புதிய வகை, பன்னிரண்டு சுற்றில், அதாவது அறுபதே நாளில், பாதிப் பேருக்கு மேல் பிடித்துவிடும். ஆளைக் கொல்லும் வேகம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. பரவும் வேகம்தான் வெற்றியைத் தீர்மானிக்கிறது.

சில சமயம் அதுகூடத் தேவையில்லை, அதிர்ஷ்டமே போதும். 2020 ஜூனில் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள், இந்தியாவில் அதுவரை படித்த மாதிரிகளில் 41 சதவீதம் ‘ஏ3ஐ’ என்ற ஒரே கிளையைச் சேர்ந்தவை என்றார்கள். தமிழ்நாட்டிலும் அது பரவலாக இருந்தது. ஆரம்பத்திலேயே வந்து, கூட்டத்தில் புகுந்து பெருகிய வகை அது. அந்த ஆண்டு மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையை மூடியதும் ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்கள் வழியே திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் தொற்று வந்தது நினைவிருக்கும். எந்த வகை லாரி ஏறுகிறதோ அதுதான் ஊர் சேரும். ஆனால் அந்த அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை. உலகெங்கும் பரவிய ‘ஏ2ஏ’ சில மாதங்களிலேயே ஏ3ஐயைப் பின்தள்ளியது.

டெல்டாவுக்குப் பின் வந்த ஒமைக்ரானின் வழி வேறு. தடுப்பூசி போட்டவர்களையும், ஏற்கெனவே தொற்று வந்து தேறியவர்களையும் அது மறுபடி பிடித்தது. டெல்டாவுக்குக் கதவடைத்த உடம்புகள்கூட அதற்குத் திறந்தே கிடந்தன.

மரபணுவைப் படிக்க முன்பெல்லாம் தமிழ்நாட்டு மாதிரிகள் பெங்களூருக்குப் போய்க் காத்திருந்தன. 2021 செப்டம்பர் 14 அன்று சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அரசே சொந்த ஆய்வகம் திறந்தது. அந்த டிசம்பரில் மரபணு முடிவு வரும் முன்பே துப்புக் கொடுத்தது ஒரு வகை ஆர்.டி.பி.சி.ஆர். கிட். மூன்று மரபணுக்களைத் தேடும் அந்தக் கிட்டில் இரண்டு தெரிந்து ‘எஸ்’ மட்டும் விடுபட்டால் ஒமைக்ரானாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். டிசம்பர் 15 அன்று மாநிலத்தின் முதல் ஒமைக்ரான் தொற்று உறுதியானது. ஆறு வாரத்துக்குள் தினசரி தொற்று எண்ணிக்கை 30,000ஐத் தாண்டியது.

அந்த முதல் நோயாளி வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தவர், அதனால் மாட்டினார். அடுத்த திரிபு விமானத்தில்தான் வரும் என்று யார் சொன்னது? வந்தவாசி, செய்யாறு, ஆரணி அரசு மருத்துவமனைகளில் எடுக்கும் மாதிரிகளிலும் ஒரு பங்கு, அலை இல்லாத மாதங்களில்கூட, தவறாமல் தேனாம்பேட்டைக்குப் போக வேண்டும். நூற்றில் ஒன்றாக இருக்கும்போதே புதிய திரிபைப் பிடிக்க வேறு வழியில்லை.