ஆடவைத்த பாட்டின் பின்னால்

என் மாமாவிடம் ஒரு பழைய கசற் இருந்தது. ஆங்கிலப் பாட்டுகளுக்கு நடுவே மொழி தெரியாத ஒரு பாட்டும் அதிலிருந்தது. 'பாட்டா பாட்டா' என்பது அதன் பெயர். சிறுபிள்ளைகளான நாங்கள் அதைக் காலில் போடும் பாட்டா செருப்பைப் பற்றிய பாட்டென்றே நம்பியிருந்தோம். அது தொடங்கியதும் எங்கள் கால்கள் தாமாகவே ஆடும்.

பல வருடங்களின் பின்னர்தான் அந்தக் குரலுக்குரியவரைப் பற்றி வாசித்தேன். அவர் தென்னாபிரிக்கப் பாடகி மிரியம் மகேபா. 'பாட்டா' என்றால் அவரது தாய்மொழியான கோசாவில் 'தொடு' என்று பொருள். ஜொகன்னஸ்பேர்க் நகரின் கறுப்பினக் குடியிருப்புகளில் ஆடப்பட்ட ஒரு நடனத்தின் பெயர் அது. இந்தப் பாட்டு 1967 இல் அமெரிக்காவில் வெளிவந்து உலகையே ஆடவைத்தபோது, பாடியவருக்குத் தன் சொந்த நாட்டில் காலடி வைக்க அனுமதி இருக்கவில்லை.

சிறையில் தொடங்கிய வாழ்வு

மகேபா 1932 மார்ச் 4 ஆம் திகதி பிறந்தார். அவருடைய தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். வருமானம் போதாமல் வீட்டில் பியர் காய்ச்சி விற்றார். கறுப்பின மக்களுக்கு அது அன்று குற்றம். மகேபா பிறந்து 18 நாட்களில் தாய் கைதானார். கைக்குழந்தையும் தாயோடு ஆறு மாதங்கள் சிறையில் இருந்தது.

1948 இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி நிறவெறியை நாட்டின் சட்டமாக்கியது. எங்கே குடியிருப்பது, எங்கே படிப்பது, யாரை மணப்பது என்பதையெல்லாம் தோலின் நிறம் தீர்மானித்தது. இசைக்குப் பேர்போன சோபியாரவுண் என்ற குடியிருப்பு வெள்ளையருக்குத் தேவைப்பட்டது. 1955 பெப்ரவரியில் ஆயுதம் தாங்கிய பொலிசார் வந்து மக்களை லொறிகளில் ஏற்றி மெடோலண்ட்ஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த வெளியேற்றத்தைப் பற்றி ஸ்ட்ரைக் விலகாசி என்பவர் 'மெடோலண்ட்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார். மெட்டு துள்ளல் மெட்டு. அதைக் கேட்ட அதிகாரிகள், தங்கள் திட்டத்தை மக்கள் புகழ்ந்து பாடுகிறார்கள் என்று எண்ணி மகிழ்ந்ததாகச் சொல்வார்கள். பாடிய மக்களுக்கோ அதன் உட்பொருள் தெரிந்திருந்தது.

1956 ஓகஸ்ட் 9 ஆம் திகதி சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவிலுள்ள அரசாங்கத் தலைமையகத்துக்கு முன்னால் கூடினார்கள். நடமாடுவதற்கான அனுமதிப் புத்தகத்தைக் கறுப்பினப் பெண்கள் மீதும் திணிக்க வந்த சட்டத்தை எதிர்த்தே அவர்கள் வந்தார்கள். சிலர் குழந்தைகளை முதுகில் கட்டியிருந்தார்கள். அரைமணி நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றார்கள். பிறகு ஒரே குரலில், பிரதமர் ஸ்ட்ரைடமின் பெயரையே சொல்லி எச்சரித்துப் பாடினார்கள். இன்று அந்த நாள் தென்னாபிரிக்காவில் மகளிர் தினம்.

தாயின் கடைசி முகம்

1959 இல் வெளிநாடு போன மகேபா அமெரிக்காவில் புகழ் பெற்றார். அடுத்த வருடம் தாய் இறந்த செய்தி வந்தது. ஊர் திரும்ப முயன்றபோதுதான் தன் கடவுச்சீட்டு இரத்துச் செய்யப்பட்டிருப்பது தெரிந்தது. பெற்றவளின் கடைசி முகத்தைப் பார்க்க அவருக்குக் கிடைக்கவில்லை. 1963 இல் ஐக்கிய நாடுகள் சபையின் குழு முன் நிறவெறிக்கு எதிராகச் சாட்சியம் சொன்னார். அதன்பின் அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. அவருடைய இசைத்தட்டுகளும் நாட்டில் தடைசெய்யப்பட்டன.

அவர் மேடைதோறும் பாடிய பாட்டுகளில் ஒன்று, வெர்வூர்ட் என்ற ஆட்சியாளரை எச்சரிப்பது. அதை ஆக்கிய தொழிற்சங்கவாதி வுயிசிலே மினி 1964 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். தூக்குமேடைக்கும் பாடிக்கொண்டே போனார் என்கிறார்கள். அந்தப் பாட்டை இப்போது கேட்டாலும் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பாடும் பாட்டுப்போல இனிமையாகத்தான் இருக்கிறது.

எனக்கு விளங்காதிருந்தது

இங்கேதான் எனக்கு ஒரு தடுமாற்றம் வந்தது. துக்க வீட்டில் வானொலியைக்கூடத் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். கஷ்டத்தில் இருப்பவர் சிரித்தால், "இவளுக்கென்ன, கவலையில்லைப்போல" என்று கதைப்பதையும் கேட்டிருக்கிறேன். 1980 களில் தென்னாபிரிக்க இளைஞர்களின் சவ ஊர்வலங்களில் மக்கள் காலை உயர்த்தி ஆடிப் பாடிச் செல்லும் படங்களைப் பார்த்தபோது, சாவிலும் ஆட்டமா என்று என் மனம் சுருங்கியது.

பிறகுதான் காரணம் விளங்கியது. கூட்டங்கள் தடைசெய்யப்பட்டிருந்த அந்த நாட்களில் சவ ஊர்வலமே மக்கள் ஒன்றுகூடும் இடமாயிற்று. ஆயிரம் பேர் ஒரே தாளத்துக்குக் கால் வைக்கும்போது ஒருவருடைய பயத்தை மற்றவர் தாங்கிக்கொள்கிறார். அடக்குபவன் நிலத்தைப் பறிக்கலாம், பத்திரத்தைப் பறிக்கலாம். அவன் கடைசியாக எதிர்பார்ப்பது மனம் ஒடிந்து குனிந்த ஒரு முகத்தை. அந்த முகத்தை அந்த மக்கள் அவனுக்குக் காட்டவில்லை. துக்கத்தை மறந்து அவர்கள் ஆடவில்லை. அதைச் சுமந்துகொண்டே ஆடினார்கள்.

மகேபாவின் துக்கமும் சிறியதல்ல. 1985 இல் ஒரே மகள் பொங்கியையும் அந்நிய மண்ணில் அடக்கம் செய்தார். மண்டேலா விடுதலையான 1990 இல், முப்பது வருடங்களின் பின் தாய்நாடு திரும்பினார்.

2008 நவம்பர் 9 ஆம் திகதி இரவு, இத்தாலியில் கஸ்ரல் வொல்ற்றுர்னோ என்ற ஊரில் அவர் பாடினார். குற்றக் கும்பலின் கொலை மிரட்டலுக்கு ஆளான எழுத்தாளர் ரொபேர்ட்டோ சவியானோவுக்கு ஆதரவான நிகழ்ச்சி அது. இரண்டு மாதங்களுக்கு முன்னர் அதே ஊரில் ஆபிரிக்கக் குடியேறிகள் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். 76 வயதில், 'பாட்டா பாட்டா' பாடி முடித்த பின் மேடையிலிருந்து வந்தவர் மயங்கி விழுந்தார். அதன்பின் அவர் எழும்பவில்லை.

மாமாவின் கசற் எங்கே போனதோ தெரியாது. அந்தப் பாட்டு எங்காவது கேட்டால் என் கால் இன்னமும் ஆடத்தான் செய்கிறது. நான் அதை நிறுத்துவதில்லை.