எடை கூடினால் இரத்தத்தில் என்ன நடக்கிறது?

"எங்க அம்மா குண்டு. நானும் குண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்தது. எனக்கும் வரும். தலையெழுத்தை யாரால மாத்த முடியும்?"

மைசூரில் எங்கள் மையத்திற்குப் படிக்க வரும் ஓர் அக்கா இப்படிச் சொன்னார். ஊதுபத்தி உருட்டுவது அவர் தொழில். காலை முதல் மாலை வரை உட்கார்ந்தே இருப்பார். அவருடைய மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. "பிள்ளை பெரிசா இருந்தா பிரசவம் கஷ்டம். அரை வயிறு சாப்பிட்டா போதும்னு சொல்லியிருக்கேன்" என்றும் சொன்னார்.

அக்கா சொன்ன இரண்டும் சரியா? வாருங்கள், பார்ப்போம்.

உள்ளே ஒரு புத்தகம்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அநேகமாக ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் பாதி அம்மா தந்தது. பாதி அப்பா தந்தது. தமிழுக்கு 247 எழுத்துகள். இந்தப் புத்தகத்திற்கு நான்கே எழுத்துகள்! இதில் உள்ள பாடங்களுக்கு மரபணுக்கள் என்று பெயர். சுமார் 20,000 பாடங்கள் உள்ளன.

எல்லா உயிரணுவும் எல்லாப் பாடத்தையும் படிப்பதில்லை. கண் சில பாடங்களைப் படிக்கும். ஈரல் வேறு சில பாடங்களைப் படிக்கும். சில பக்கங்களில் 'மெத்தில்' என்ற சிறு பொருள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். எழுத்து மாறாது. படிப்பதுதான் மாறும்.

இரத்தம் சொல்லும் செய்தி

இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களில் இந்தப் புத்தகம் இல்லை. வெள்ளை அணுக்களில் உண்டு. அவை நம் உடலின் காவலர்கள். கிருமி வந்தால் சண்டை போடும்.

வயிற்றில் கொழுப்பு மிகுந்தால் என்ன ஆகும்? கொழுப்பிலிருந்து சில பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. கிருமி இல்லாதபோதும் காவலர்கள் சண்டைப் பாடத்தைப் படிக்கிறார்கள். இந்த ஓயாத சண்டையால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரை கூடுகிறது. இரத்தக் குழாயும் கெடுகிறது.

2017-இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஐரோப்பியர், இந்திய வம்சாவளியினர் என சுமார் 10,000 பேரின் இரத்தத்தைப் பார்த்தார்கள். எடை கூடியவர்களிடம் மெத்தில் ஒட்டும் இடங்கள் மாறியிருந்தன. இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை எடை கூடியதால் வந்தவை. அவற்றால் எடை கூடவில்லை.

ஆகவே அக்கா, இது தலையெழுத்து மட்டும் அல்ல. எடை குறைந்தால் காவலர்களின் வீண் சண்டையும் குறையும்.

நம் ஊர் சொன்ன பாடம்

மைசூர் மண்டி மொகல்லாவில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை உள்ளது. மிஷன் ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் எடையை 1934 முதல் ஏட்டில் எழுதி வைத்தார்கள். 1934-க்கும் 1954-க்கும் இடையில் பிறந்த 517 பேரை ஆய்வாளர்கள் பின்னாளில் தேடிக் கண்டுபிடித்தார்கள். முடிவு 1996-இல் வெளிவந்தது.

மொத்தத்தில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு இதய நோய் இருந்தது. ஆனால் சிலர் இரண்டரைக் கிலோவோ, அதற்கும் குறைவாகவோ பிறந்தவர்கள். அவர்களுடைய தாயும் கர்ப்பத்தில் 45 கிலோவுக்குக் குறைவாக இருந்தவர். இப்படிப்பட்டவர்களில் 100-க்கு 20 பேருக்கு இதய நோய் இருந்தது!

அதே மருத்துவமனையில் 1997-98-இல் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார்கள். 100-க்கு 6 பேருக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தது. அவர்கள் பெற்ற பெண் குழந்தைகளுக்கு ஐந்து வயதிலேயே உடலில் கொழுப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம்.

தாயின் பட்டினியும் பிள்ளையைத் தொடர்கிறது. தாயின் சர்க்கரையும் தொடர்கிறது. கருவிலேயே மரபணுப் பக்கங்களில் அடையாளம் விழுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

கர்ப்பிணி அரை வயிறு உண்ணக் கூடாது. ராகி, பருப்பு, கீரை, முட்டை, பால் வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஐந்தடி உயரமுள்ள பெண் சுமார் 43 முதல் 53 கிலோவுக்குள் இருப்பது நல்லது. கர்ப்பிணிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் மகளை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போனார். தானும் எடை பார்த்துக்கொண்டார். அந்த எடையைத் தன் நோட்டில் தானே எழுதினார்.

சிந்திப்போம்

1. உங்கள் எடை எவ்வளவு? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?
2. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது?