கப்பலுக்கும் பரீட்சை உண்டு, தெரியுமா?

கடலே கண்ணில் படாத ஊர் பதுளை. ஆனால் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய பாட்டன், பூட்டன் கதை ஊவாத் தோட்டங்களில் எத்தனை லயங்களில் இருக்கிறது! இன்று அக்கரைச் சொந்தங்களைப் பார்க்க உதவும் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் சேவையில் முதன்முதலில் வந்த கப்பல் யாரை ஏற்றி வந்தது, தெரியுமா? ஒரு பயணியைக்கூட இல்லை! 2023 ஒக்டோபர் 8ஆம் திகதி 'செரியபாணி' தன் மாலுமிகளோடு மட்டும் வெள்ளோட்டம் வந்தது. 150 இருக்கையும் காலி! பயணிகள் ஏறியது 14ஆம் திகதிதான். இந்த வெள்ளோட்டம்தான் கப்பலுக்குப் பரீட்சை!

கொச்சியில் கட்டிய இந்திய விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' எவ்வளவு பெரிது? நீளம் 262 மீற்றர்! தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் போல் ஏறக்குறைய மூன்று பாலம்! உயரம் 59 மீற்றர். நம் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைவிட ஐந்து மீற்றர்தான் குறைவு! உள்ளே 2,300 அறைகள்! 2021 ஓகஸ்ட் முதல் 2022 ஜூலை வரை நான்கு தடவை கடலுக்குப் போய்ப் பரீட்சை எழுதியது. 2022 செப்டெம்பர் 2ஆம் திகதி கடற்படையில் சேர்ந்தது. அத்தோடு முடிந்ததா? இல்லை! தேஜஸ் போர் விமானம் அதன் தளத்தில் முதன்முதலாக இறங்கியது 2023 பெப்ரவரியில்தான்!

வேகமாய் ஓடும் கப்பலைச் சட்டென்று நிறுத்த முடியுமா? 'டைட்டானிக்'கில் அதையும் பார்த்தார்கள். நிற்பதற்குள் ஏறத்தாழ 780 மீற்றர் ஓடிவிட்டது! அதன் மொத்த வெள்ளோட்டமும் 1912 ஏப்ரல் 2ஆம் திகதி ஒரே பகலில் முடிந்துவிட்டது! அவ்வளவு பெரிய கப்பலுக்கு அது போதுமா? போதவே போதாது!

மாலுமிகளுக்கும் பரீட்சை உண்டு. ஆள் அளவுப் பொம்மையைக் கடலில் எறிந்துவிட்டு, "ஆள் விழுந்துட்டான்!" என்று கத்துவார்கள். உடனே கப்பலைத் திருப்பி, தேடி, தூக்க வேண்டும்!

பரீட்சையில் தோற்ற கப்பலைக் கடலுக்கு அனுப்பினால்? 1628இல் சுவீடனின் 'வாசா' போர்க்கப்பலில் 30 பேரை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடவிட்டார்கள். ஓடினார்கள், திரும்பினார்கள், மறுபடி ஓடினார்கள். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாய் ஆடியது! கவிழ்ந்துவிடுமோ என்று ஓட்டத்தைத்தான் நிறுத்தினார்கள், கப்பலை நிறுத்தவில்லை! முதல் பயணத்தில் 1,300 மீற்றர்கூடத் தாண்டியிருக்காது. காற்று தள்ளியதும் சாய்ந்து மூழ்கியது. மேலே தூக்கியது எப்போது தெரியுமா? 333 ஆண்டுகள் கழித்து, 1961இல்!

இன்னொன்று! 2021 ஜூன் 18ஆம் திகதி அமெரிக்கா தன் புதிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஜெரால்ட் ஃபோர்ட்' பக்கத்தில், மாலுமிகள் உள்ளே இருக்கும்போதே, அதிர்ச்சியைக் கப்பல் தாங்குமா என்று பார்க்க, கடலுக்கடியில் 18 தொன் வெடிமருந்தை வெடிக்கவைத்தது! நிலநடுக்கமானிகளில் அது 3.9 அளவு நடுக்கமாகப் பதிவானது! ஒரு தடவையோடு விட்டார்களா? அந்த ஓகஸ்டுக்குள் இன்னும் இரண்டு தடவை!